கறை அறையின் சன்னல்

12.2.2009, வியாழன்

அன்பும் மதிப்பும் நிறைந்த நாட்குறிப்பிற்கு வடிவாம்பாள் வணக்கம் கூறி எழுதுவது. பொங்கலுக்குப் பிறகு இன்றுதான் பேனாவைத் தொடுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும்.

மேற்கண்ட வரிகளை எட்டிப் பார்த்துவிட்டுக் காவேரி சிரிக்கிறாள். "டைரிக்குப் போயி யாராச்சும் வணக்கம் வெப்பாங்களாம்மா? அது இன்னா, கலெக்டரா?"

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். பின்னர் கற்றதெல்லாம் நூலகத்தில் நானே கற்றது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் எவர் வீட்டு மனுவானாலும் என் கையெழுத்தில்தான் அலுவலகத்திற்குப் போகிறது. வணக்கமின்றி ஒரு பக்கத்தைத் தொடங்க என் கை ஒப்புவதில்லை. பட்டம் பெற்ற மகளுக்கு இது விளங்காது.

இனிச் செய்தி. என் கணவருக்கு நடுக்கம் இப்போது இடக்கையிலும் தொடங்கிவிட்டது. சென்னை மருத்துவர்கள் பார்க்கின்சன் என்று பெயர் சொல்லி ஓராண்டுக்கு மேலாகிறது. மாத்திரை போட்ட பின் சற்று நேரம் அடங்குகிறது. பிறகு மீண்டும்.

அவர் கறை எடுப்பவர். தறியிலிருந்து இறங்கும் பட்டுப்புடவை, கடைக்குப் போகுமுன் எங்கள் வீட்டுக்கு வரும். எண்ணெய்ப் பொட்டு, கை வியர்வை, ஏதாவது ஒன்று அதில் இருக்கும். பஞ்சில் கறை மருந்தைத் தொட்டு, பொட்டின் விளிம்பிலிருந்து நடுவுக்கு ஒற்றி, வளையம் விழுவதற்குள் வாயால் ஊதி உலர்த்த வேண்டும். தூசி பட்டால் வேலை கெட்டது. ஆகவே கறை அறையின் ஒரே சன்னலை ஆணியடித்தே வைத்திருக்கிறோம். அவர் கை நடுங்கத் தொடங்கியபின், புடவையை விரித்துக் கறை எடுக்கும் அவருடைய பலகையின் முன் காவேரி அமர்கிறாள். தகப்பனைவிடச் சுத்தமான கை என்று கடைக்காரர்களே கூறுகின்றனர்.

ஞாயிறன்று ஐயம்பேட்டையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகின்றனர்.

15.2.2009, ஞாயிறு

வந்து சென்றனர். மாப்பிள்ளை தினகரன், அவருடைய தாயார் இந்திராணி, தகப்பனார் சிட்டிபாபு. வீட்டோடு தறிகள் வைத்திருப்பவர்கள். அங்கே கறை எடுப்பது சிட்டிபாபு.

பையன் அதிகம் பேசவில்லை. ஆனால் வந்த கதை எனக்குப் பிடித்திருந்தது. கடையில் ஒரு மாம்பழ வண்ணப் புடவையை விரித்துப் பார்த்துவிட்டு, "இதுல கறை எங்க இருந்ததுன்னே தெரியலியே, யாரு கை இது?" என்று விசாரித்திருக்கிறார். அந்த விசாரணை எங்கள் வாசல்வரை வந்துவிட்டது.

இந்திராணி அம்மையார் மனம் திறந்து பேசுபவர். "தறிக்குழியில எறங்க வேணாம், அடுப்புல வேக வேணாம், அண்ணி. உள் ரூம்ல நெழலா உக்காந்து கறை எடுத்துக்கினு இருக்கட்டும். எங்க ஊட்ல மருமவளுக்கு அதான் மரியாதை."

"அந்த மருந்து வாசனை?" என்று காவேரி கேட்டாள்.

சிட்டிபாபு பெருமையாகச் சிரித்தார். "பழகிடும்மா. எனக்கெல்லாம் இப்ப அது வாசனையே தெரியறதில்ல. ஒடம்போட ஒத்துப்போயிடுச்சு."

"மருந்து மட்டுமா?" என்றார் இந்திராணி. "நேத்து பால் கருகித் தெருவே நாறுது. இந்த ஆளு அடுப்பாண்டயே உக்காந்து பேப்பர் படிச்சிக்கினு இருக்கறாரு!"

எல்லோரும் சிரித்தோம். நானும்.

காபி கொடுக்கும் வேளை வந்தது. அதுவரை வலக்கையைத் துண்டுக்குள் வைத்திருந்த என் கணவர், இடக்கையை நீட்டினார். டம்ளரும் டபராவும் ஒன்றோடொன்று மோதிப் பேசத் தொடங்கின. எல்லோரும் அதைக் கேட்டார்கள், எவரும் பார்க்கவில்லை.

கிளம்பும்போது அம்மையார் என்னைத் தனியே அழைத்தார். "தப்பா நெனைக்காதீங்க, அண்ணி. அண்ணனோட பெரியப்பாவுக்கும் இந்த நடுக்கம் இருந்திச்சாமே. வம்சத்துல வர்றதுன்னு ஊர்ல சொல்றாங்க. ஒரே புள்ள வெச்சிருக்கறேன்."

"இது மரபுவழி நோயன்று. ஆதாரத்துடன் தங்களுக்கு மெய்ப்பிப்பேன்" என்றேன்.

"டாக்டர் கையால ஒரு வார்த்தை எழுதி வாங்கிக் குடுத்துடுங்க. அது போதும்."

அவர்கள் சென்றபின் இவர் கேட்கிறார்: "ஆதாரத்துடன்னு சொன்னியே வடிவு, அது எந்தக் கடையில விக்கிது?"

16.2.2009

காவேரிக்குப் பிடித்திருக்கிறது. வாயால் கூறவில்லை. இன்று மூன்று முறை பூ தொடுத்தாள்.

27.2.2009, வெள்ளி

சென்னை மருத்துவமனை. வழக்கமான மருத்துவர் எங்களை டாக்டர் ஸுபத்ராவிடம் அனுப்பினார். இந்நோய் எதனால் வருகிறது என்று ஆராய்பவராம். வயது முப்பத்தைந்து இருக்கலாம்.

"பிள்ளையார்பாளையமா? நான் சின்ன காஞ்சிபுரம்" என்றார். "நம்ம ஊர்க்காரா. ஒக்காருங்கோ."

பரிசோதனையைக் கையிலிருந்து தொடங்குவார் என்று நினைத்தேன். அவர் மூக்கிலிருந்து தொடங்கினார்.

"உங்களுக்கு வாசனை எப்போலேர்ந்து தெரியலை?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதை நாங்கள் எந்த மருத்துவரிடமும் கூறியதில்லை. கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சுக்கும் மிளகும் போட்ட இட்லியை வாயில் வைத்துவிட்டு "இது இன்னா சப்புன்னு இருக்குது" என்று என்னைக் கடிந்தவர் அவர். நீர்க்கோவை என்று நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தேன். எத்தனை நொச்சி இலை!

"சில பேருக்கு மூக்குதான் முதல்ல போகும். அப்புறம் நடக்கறச்சே ஒரு கை வீசாது. நடுக்கம் கடைசியாத்தான் வரும்" என்றார் மருத்துவர். பிறகு என்ன தொழில், என்ன மருந்து, அறை எப்படி, சன்னல் உண்டா, யார் ஊதுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இரத்தமும் எடுத்தனர்.

வீட்டில் பயின்று வந்த வாக்கியத்தை நான் கூறினேன்: "இந்நோய் பரம்பரையாகத் தொடர்வதன்று எனத் தங்கள் கையொப்பத்துடன் ஒரு சான்று வழங்கினால் ஒரு பெண்ணின் வாழ்வு மலரும்."

அவர் சிரிக்கவில்லை. அதற்கு நன்றி. "தெரியாததை நான் எழுதித் தரமாட்டேன், அம்மா. ரத்த ரிசல்ட் வரட்டும். அந்த மருந்தோட சரியான பேரைக் கண்டுபிடிச்சுண்டு வாங்கோ."

நான் கேட்டது ஒரே ஒரு சொல். 'இல்லை' என்ற சொல். அதை எழுத இவ்வளவு படித்தவருக்கு ஏன் கை வரவில்லை?

8.3.2009, ஞாயிறு

எங்கள் வீட்டுக்கு வரும் தகர டின்னில் பெயர் ஏதுமில்லை. இத்தனை ஆண்டுகளாக அது 'மருந்து' மட்டுமே. ஊற்றித் தருபவரின் கிடங்கில் உள்ள பெரிய உருளையைக் காவேரி போய்ப் பார்த்து, பெயரைக் கையில் எழுதிக்கொண்டு வந்தாள்.

டிரைகுளோரோஎத்திலீன்.

மறுபடியும் எழுதிப் பார்க்கிறேன். டிரைகுளோரோஎத்திலீன். தொழிற்சாலைகளில் இரும்பு உறுப்புகளின் பிசுக்கை நீக்கப் பயன்படுத்துவதாம். அதைப் பட்டுக்குக் கொண்டுவந்தவர் எவரென்று தெரியவில்லை. கறை போயிற்று; அது போதுமென்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

உண்மையைக் கூறவேண்டுமென்றால், எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான். குலத்தின் மேல் பழியில்லை. இந்திராணி அம்மையாரிடம் எப்படி எடுத்துரைப்பது என்று மனத்துக்குள் வாக்கியம் அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

பலகையின் முன் உட்கார்ந்திருந்த காவேரி பஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "அப்போ எனக்கும்மா?"

"உனக்கென்ன? இன்னும் சில மாதங்கள்தாமே. திருமணம் முடிந்துவிட்டால்" என்று தொடங்கினேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் குழம்பு இருந்தது. எழுந்து போய்விட்டேன்.

3.4.2009, வெள்ளி

ஏகாம்பரநாதர் பங்குனித் திருவிழாவால் பேருந்துகள் ஊரைச் சுற்றிக்கொண்டு போகின்றன. சென்னை சேர உச்சி வேளையாயிற்று. மருத்துவர் எங்களுக்காகக் காத்திருந்தார்.

"இந்த நோயோட சம்பந்தப்பட்ட ஜீன்ல எங்களுக்குத் தெரிஞ்ச கோளாறு எதுவும் இவர்கிட்ட இல்லை."

நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"ஒக்காருங்கோ அம்மா, இன்னும் முடிக்கலை."

அவர் கூறியதை இயன்றவரை அப்படியே எழுதுகிறேன். பின்னால் நானே எனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளக் கூடாது.

"கோயில்ல கோஷ்டியா நின்னு பாசுரம் சேவிக்கறதைப் பார்த்திருப்பேள். எல்லாப் பாசுரமும் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா இன்னிக்கு எது, எங்க நிறுத்தணும்னு ஒரு ஏற்பாடு இருக்கு. ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் ஜீன் முழுக்க இருக்கு. எது வேலை செய்யணும், எவ்வளவு செய்யணும்னு அது மேல சின்னச் சின்னக் குறி ஒட்டியிருக்கு. பாசுரத்துல ஒரு எழுத்துகூட மாறலை, ஆனா ஏற்பாடு கலைஞ்சு போயி, ஒரே பாட்டை நிறுத்தாம உரக்கச் சொல்லிண்டே இருந்தா? அப்படி ஒரு புரதம் தேவைக்கு மேல சேர்ந்துடறது. கை காலை ஓட்டற ரசாயனத்தைப் பண்ற மூளை செல் எல்லாம் ஒவ்வொண்ணா செத்துப் போறது."

"அந்த ஏற்பாட்டைக் கலைப்பது எது?" என்றேன்.

"சில பூச்சி மருந்து கலைக்கறதுன்னு எலிகிட்டயும், வளர்த்த செல்லுகள்லயும் பார்த்திருக்கா. உங்க டின்ல இருக்கறது மாதிரிக் கரைப்பானோட வேலை பண்ணினவாளுக்கு இந்த நோய் வந்திருக்குன்னும் எழுதியிருக்கா. ஆனா இவருக்கு இதனாலதான், இப்படித்தான் வந்துதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இன்னும் யாராலயும் முடியாது."

"அப்படியாயின் பரம்பரை இல்லை?"

"அதையும் சொல்ல முடியாது. அதே விஷத்தை ஒருத்தர் ஒடம்பு சீக்கிரம் வெளியேத்தும். இன்னொருத்தர் ஒடம்பு தேக்கி வெச்சுக்கும். அந்தச் சுபாவம் அப்பாகிட்டேர்ந்து குழந்தைக்கு வரலாம். நோய் வராது, வர்றதுக்கு எடம் குடுக்கற சுபாவம் வரலாம். அதோட விஷமும் சேர்ந்தா..." என்று நிறுத்தியவர், "பொண்ணு இப்போ என்ன பண்றா?" என்றார்.

என் கணவர்தாம் கூறினார். "என் பலகையிலதாம்மா உக்காருது."

"இன்னியோட நிறுத்திடுங்கோ."

பிறகு இவர், துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்து மேசைமேல் வைத்து, அது ஆடுவதைத் தாமே பார்த்தபடி கேட்டார்: "அப்போ இது கறை மாதிரிதானே டாக்டர்? நூலு அறுந்து போகல. மேல ஒட்டிக்கினு இருக்குது."

மருத்துவர் நிமிர்ந்தார். "ஆமாம். கிட்டத்தட்ட அதேதான்."

"கறைன்னா எடுத்துடலாமே?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "அதுக்குத்தான் தேடிண்டிருக்கோம். இன்னும் கிடைக்கலை."

"கெடைக்கும்" என்றார் இவர், அவருக்கு ஆறுதல் கூறுவதுபோல. "கெடைச்சா வாயால மட்டும் ஊதாதீங்க."

4.4.2009, சனி

நேற்றுப் பேருந்தில் இவர் என் தோளில் சாய்ந்து உறங்கினார். வாலாஜாபாத் தாண்டும்போது, சாலையோரக் கடையில் பால் கருகும் வாசனை வந்தது. அப்போதுதான் —

சிட்டிபாபு அண்ணன்! பால் கருகித் தெருவே நாறுதுன்னு அந்தம்மா சொன்னாங்களே. அடுப்பாண்டயே உக்காந்து பேப்பர் படிச்சாராமே. மருந்து வாசனை தெரியலன்னு பெருமையா சொன்னாரே. நானும் சிரிச்சேனே. கடவுளே, நான் சிரிச்சேனே.

அந்த ஊட்டு உள் ரூமுக்குத்தான் எம் பொண்ணு போகப் போறா. நெழலா உக்காந்துக்கினு. மரியாதையா.

இத்துடன் நிறுத்துகிறேன். எழுத்து ஒழுங்கில்லாமல் போகிறது.

9.4.2009

எழுத ஏதுமில்லை.

14.4.2009, செவ்வாய்

அரசாங்கக் கணக்கில் புத்தாண்டு தை மாதத்துக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் வேப்பம்பூப் பச்சடி உண்டு.

இந்திராணி அம்மையார் தொலைபேசியில் வாழ்த்துக் கூறிவிட்டுக் கேட்டார். "டாக்டர் இன்னா சொன்னாங்க, அண்ணி?"

"மரபணுவில் தெரிந்த கோளாறு எதுவும் இல்லை எனத் தெளிவாகக் கூறிவிட்டார்" என்றேன்.

நான் கூறியதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. மீதியைத்தான் கூறவில்லை. அம்மையார் குரல் மலர்ந்துவிட்டது. "அந்த ஏகாம்பரநாதர்தான் காப்பாத்தினாரு! ஆவணியில முகூர்த்தம் பாத்துடலாம். ஒங்க பொண்ணு வருதுன்னு கறை ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு."

வைத்தபின் திரும்பினால், காவேரி நின்றிருந்தாள்.

"முழுசா சொன்னியாம்மா?"

"உன் திருமணம் நிச்சயமாகிவிட்டது. அந்த வீட்டில் வேறு வேலை செய்வதாகப் பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம்."

"எனக்கு சரி. அவங்க அப்பாவுக்கு?"

அவளுக்குச் சிட்டிபாபுவைப் பற்றி நான் ஒன்றும் கூறவில்லையே! இவர் கூறியிருக்கிறார். இவரும் அதே பேருந்தில் அதே எண்ணத்தோடுதான் கண்ணை மூடியிருந்தாராம்.

"அத சொன்னா இந்தச் சம்பந்தம் நிக்காதுடி" என்றேன். செந்தமிழ் எங்கோ போயிருந்தது. "ஒங்க ஆளுக்கு சீக்கு வந்திருக்குதுன்னு பொண்ணு ஊட்டுக்காரி சொன்னா எவ பொறுப்பா? என்னாத்துக்கு நமக்கு இந்த வேலை?"

"நீ சொல்லலேன்னா நானே அவருகிட்ட போன்ல சொல்லிடுவேன்."

"எவரிடம்?"

"தினகரன் கிட்ட. பேசிக்கினுதானே இருக்கறோம்."

இதுவும் எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் எனக்குத் தெரிந்தவை டிரைகுளோரோஎத்திலீனும் இலக்கணமும் மட்டுமே போலும்.

19.4.2009, ஞாயிறு

ஐயம்பேட்டை சென்று வந்தோம். இவரும் உடன் வந்தார். "என் கையப் பாத்தாத்தான் நம்புவாங்க" என்றார். துண்டு எடுத்துக்கொள்ளவில்லை.

இலை போடுகிறேன், சாப்பிட்டுவிட்டுத்தான் பேச்சு என்றார் இந்திராணி. நான் மறுத்துவிட்டு, மனப்பாடம் செய்திருந்ததைத் தொடங்கினேன். "இரு குடும்பங்களும் சம்பந்தம் கலப்பதற்கு முன்னர்த் தங்கள் மேலான கவனத்திற்குக் கொணர வேண்டிய செய்தியொன்று..."

"இன்னா அண்ணி, நோட்டீஸ் படிக்கிறீங்க?"

தினகரன் சிரித்தார். சிட்டிபாபு சிரித்தார். அதன்பின் என் வாயில் வந்ததெல்லாம் வாசல் பெருக்கும்போது பேசும் தமிழ்தான். டாக்டர் முழுசா இன்னா சொன்னாங்கன்னு சொன்னேன். அன்னிக்குப் பாதிதான் சொன்னேன்னும் சொன்னேன். காவேரி எந்த ஊட்லயும் இனி கறை மருந்தத் தொட மாட்டான்னு சொன்னேன். கடைசியா, "அண்ணனையும் ஒரு வாட்டி டாக்டர்கிட்ட காட்டிடுங்க. எங்க ஊட்லயும் மூக்குதான் மொதல்ல போச்சு" என்றேன்.

இந்திராணி என்னையே பார்த்தார். பிறகு விறுவிறென்று சமையற்கட்டுக்குள் போய்ப் பெருங்காய டப்பாவோடு வந்தார்.

"யோவ், கண்ண மூடு. மோந்து பாத்து இது இன்னான்னு சொல்லு. இந்தம்மாவுக்குக் காதுல வுழட்டும்."

அவர் விளையாட்டாகக் கண்ணை மூடினார். டப்பாவை அவர் மூக்குக்கு நேரே பிடித்தார் அம்மையார். வாசற்படியில் உட்கார்ந்திருந்த எனக்கே நெடி ஏறியது.

"சந்தனமா?" என்றார் சிட்டிபாபு.

"நல்லா இழுத்துப் பாருய்யா."

மறுபடி இழுத்தார். முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது. "கற்பூரம். கரீட்டா?"

தினகரன் எழுந்து, தாயின் கையிலிருந்து டப்பாவை வாங்கி மூடினார். சிட்டிபாபு கண்ணைத் திறந்து, எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். என் கணவரின் முழங்கால் மேல் இருந்த கையில் அவர் பார்வை நின்றது. அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"ஒங்க ஊட்டு நடுக்கத்த எங்க ஊட்ல எறக்கி வெச்சிட்டுப் போக வந்தீங்களா?" என்றார் இந்திராணி. குரல் உயரவில்லை. "கெளம்புங்க."

பேருந்து நிறுத்தத்தில் வெயில். இவர் மெதுவாகக் கேட்டார். "பேசறப்ப எங்க போச்சு வடிவு, ஒன் செந்தமிழு?"

"ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது" என்றேன்.

26.4.2009

கல்யாணத் தரகர் வந்து சம்பந்தம் முறிந்ததென்று கூறிச் சென்றார். காவேரி அவருக்கு மோர் கொடுத்தாள்.

24.5.2009, ஞாயிறு

கறை அறைச் சன்னலின் ஆணிகளை இவரே பிடுங்கினார். நடுங்கும் கையால் சுத்தியலைப் பிடித்துப் பிடுங்குவதற்கு முற்பகல் முழுதும் ஆயிற்று. நான் உதவிக்குப் போனதற்குத் திட்டு வாங்கினேன்.

டின்களைத் திருப்பி அனுப்பிவிட்டோம். இப்போது எண்ணெய்ப் பொட்டின் மேல் முகப் பவுடரைக் கொட்டி, எடை வைத்து, பிசுக்கை இழுக்க விட்டு, மறுநாள் தட்டுகிறோம். சில கறைகள் போகின்றன. சில அப்படியே இருக்கின்றன. அறையெங்கும் கல்யாண வீட்டு மணம். "புடவைக்கெல்லாம் பவுடர் அடிச்சிப் பொண்ணு பாக்க அனுப்பறோம்" என்று இவர் காவேரியிடம் கூறிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் சிரித்தாள். பிறகு கொல்லைப்புறம் போய் வெகுநேரம் துணி துவைத்தாள்.

பாதிக் கடைகள் புடவை அனுப்புவதை நிறுத்திவிட்டன. காவேரி ஒரு கடையில் கணினியில் புடவைக் கரை வடிவம் வரையும் வேலைக்குப் போகிறாள். தெருவில் எனக்குப் புதுப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். சீக்கு சொல்லும் புலவரம்மா.

21.6.2009, ஞாயிறு

பிற்பகலில் வாசலில் ஒரு வண்டி நின்றது. தினகரன். தனியே வந்திருந்தார்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தே" என்றார். அந்தச் சொல்லுக்கு நான் ஆயத்தமாக இல்லை. "நேத்து அப்பா பின்னாலயே கோயில் வரைக்கும் நடந்துக்கினு போனேன். இதுக்குன்னே போனேன். எடது கை வீசறாரு. வலது கை ஒடம்போட ஒட்டிக்கினே வருது."

இவர் தூணைப் பிடித்து எழுந்து வந்து, அவர் அருகில் அமர்ந்தார்.

"டாக்டர் அட்ரஸ் வேணும்" என்றார் தினகரன்.

"தாயார் அனுப்பினாரா?"

"அம்மாவுக்குத் தெரியாது." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தெரியும், அத்தே. நான் கெளம்பறப்போ எங்க போறேன்னு கேக்கல. எப்பவும் கேப்பாங்க" என்றார்.

முகவரியை என் அழகிய கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். உள்ளேயிருந்து காவேரி வந்து கதவோரம் நின்றாள். கறை அறைப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிய அவர், அவளிடம் கேட்டார்: "இன்னா, ஊடு பூரா பவுடர் வாசனை?"

"உங்களுக்காவது தெரியுதே" என்றாள் அவள்.

யார் முதலில் சிரித்தது என்று கூற இயலவில்லை.

6.11.2009, வெள்ளி

நெடுநாள் இடைவெளி. விளக்கம் வேறாக எழுதப் போவதில்லை. மருத்துவருக்கு இன்று எழுதி அனுப்பிய கடிதத்தின் படியை இங்கே வைக்கிறேன். அதுவே போதும்.

மதிப்பிற்குரிய மருத்துவர் ஸுபத்ரா அவர்களுக்கு, பிள்ளையார்பாளையம் வடிவாம்பாள் வணக்கத்துடன் எழுதுவது. எங்கள் வீட்டுச் செய்திகளைச் சித்திரையிலேயே எழுதி அனுப்பியிருக்க வேண்டும். தாமதத்திற்கு மன்னிக்கவும். இடையில் ஆவணியில் வீட்டில் ஒரு விசேஷம், கை ஓயவில்லை.

என் கணவருக்கு மாத்திரைக்குப் பின் நடை தேறியிருக்கிறது. உரையாடும்போது குரல் மட்டும் சிறுத்துவிட்டது. கறை எடுக்கும் மருந்து கிடைத்ததா என்று தங்களிடம் கேட்கச் சொன்னார். அவசரமில்லை என்றும் சேர்த்துக் கூறச் சொன்னார்.

தாங்கள் ஆணையிட்டபடி காவேரி கறை மருந்தைத் தொடுவதில்லை. அவள் இப்போது வசிக்கும் ஐயம்பேட்டை வீட்டில் அம்மருந்து நுழைவதும் இல்லை. அங்கே கறை அறையின் சுவரை இடித்து எதிரெதிரே இரண்டு சன்னல்கள் வைத்திருக்கிறார்கள். முன்னின்று இடிக்க வைத்தவர் என் சம்பந்தியம்மாள் இந்திராணி. போகாத கறைகள் போகாமலே கடைக்குப் போகின்றன. வாங்குபவர்கள் பார்த்தும் வாங்குகிறார்கள்.

சம்பந்தி சிட்டிபாபு அவர்களைத் தங்களிடம் அழைத்துவர வேண்டும். அவருக்கு வாசனை அறவே இல்லை. வலக்கை வீசுவதில்லை. சென்ற வாரம் முதல் சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. முகவரி கையில் இருந்தும் இத்தனை மாதங்கள் வர மறுத்துவந்தார். 'அண்ணன் கூட வந்தா வரேன்' என்று நேற்றுத்தான் ஒப்புக்கொண்டார். அவர் அண்ணன் என்பது என் கணவரை.

சம்பந்தியம்மாளும் வருவார். தங்களிடம் தனியே ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம். அவருக்கு ஒரே மகன். அந்த மகன் எனக்கு மருமகன். ஆகவே, முன்பு நான் கேட்ட அதே பரம்பரைக் கேள்விதான். தெரியாது என்பதை எனக்குக் கூறியதுபோலவே, பாசுர உவமையுடன், அவருக்கும் பொறுமையாகக் கூற வேண்டுகிறேன். அப்போது நான் அவர் அருகில் இருப்பேன்.

வரும் வியாழக்கிழமை தாங்கள் மருத்துவமனையில் இருப்பீர்களா? இருப்பீர்களெனில் நால்வரும் காலை முதற்பேருந்தில் கிளம்புவோம். சம்பந்தி சிட்டிபாபு மனம் மாறுவதற்குள் கிளம்ப வேண்டும். விரைவில் பதில் எழுதவும்.